பெயர் போடும்போதே

ஓவிய டீச்சர் ஜன்னல்களைச் சாத்தினார். வகுப்பு இருண்டது.

"முழுப் படம் நாளைக்கு. இன்னைக்கு முதல் ரெண்டு நிமிஷம், பேர் போடுற இடம் மட்டும். மூணு தடவ போடுவேன். இது எப்படிப்பட்ட கதைன்னு அதுலயே சொல்லிடுவாங்க. கண்டுபிடிச்சு எழுதுங்க."

நண்டு பென்சிலை எடுத்துக்கொண்டாள். பெஞ்சுகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடப்பதால் வந்த பெயர் அது. அவளுக்கு அடுத்து ஒட்டகம் உட்கார்ந்திருந்தான். வகுப்பிலேயே உயரமானவன். அவன் அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். போன மாதம் வேலையில் இருந்தபோது லிஃப்ட் அறுந்து விழுந்து இறந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, திங்கட்கிழமைதான் ஒட்டகம் பள்ளிக்கு வந்தான். அவனிடம் என்ன பேசுவதென்று யாருக்கும் தெரியவில்லை. நண்டுக்கும்தான்.

திரையில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அது வளைந்து வளைந்து மஞ்சள் வீடானது. வாசலில் இரண்டு ஜோடி ஷூக்கள், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. ஒவ்வொரு பெயர் வரும்போதும் எழுத்துகளுக்குக் கால் முளைத்தது. அவை வீட்டிலிருந்து குதித்துக் குதித்து வெளியே ஓடின.

வகுப்பே சிரித்தது. "செம காமெடி படம் டீச்சர்," என்றான் ரேடியோ. அவன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை நண்டு ஷூக்களைப் பார்த்தாள். சின்ன ஷூ ஒரு பெயர் வரும்போது கவிழ்ந்து கிடந்தது, அடுத்ததற்குச் சேறாக இருந்தது, அடுத்ததற்கு மூலையில் கிடந்தது. பெரிய ஷூ அசையவே இல்லை.

மூன்றாம் தடவை அவள் வீட்டைப் பார்த்தாள். மஞ்சள் வீடு கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. இரண்டு வாத்தியங்கள் சேர்ந்து வாசித்த இசையில், பாதியிலேயே ஒன்று நின்றுபோனது. புல்லாங்குழல் மட்டும் தனியாக வாசித்தது. வெளியே போன எழுத்துகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. கடைசிப் பெயர் வந்தபோது பெரிய ஷூவின் மேல் ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது.

நண்டு மெதுவாகப் பக்கத்தில் பார்த்தாள். ஒட்டகத்தின் தாள் வெள்ளையாகவே இருந்தது.

மணி அடித்து எல்லோரும் போனபிறகு, அவள் தன் தாளை நீட்டினாள். "டீச்சர், நாளைக்கு இந்தப் படம் வேணாம்."

படித்துக்கொண்டே டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பரிசு வாங்கின படம்னு எடுத்துட்டு வந்தேன்மா. நான் முழுசா பாக்கல. நல்லவேளை சொன்ன. வேற படம் போட்டுடலாம். அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிக்காத."

நண்டு கதவு வரை போனாள். அதற்கு மேல் கால் நகரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து எல்லோரும் இதைத்தானே செய்கிறார்கள்? அவன் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

"டீச்சர், அவன கேக்காமலே நாம முடிவு பண்ணிட்டோமே."

டீச்சர் தாளை மடித்து அவளிடமே கொடுத்தார். "நீ கேக்கறியா?"

"கேக்கறேன். பயமாத்தான் இருக்கு."

ஒட்டகம் குழாயடியில் நின்றிருந்தான். பாட்டில் நிரம்பி வழிவதுகூட அவனுக்குத் தெரியவில்லை. நண்டு குழாயை மூடினாள். சுற்றி வளைத்துப் பேசத்தான் நினைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"அந்தப் படத்துல ஒரு அப்பா செத்துடுவாருன்னு நினைக்கிறேன்."

"தெரியும்," என்றான் அவன். "எங்க வீட்டுலயும் அப்பா ஷூ வாசல்லதான் இருக்கு. யாரும் தொடல."

"டீச்சர் வேற படம் போடறேன்னாங்க."

"வேணாம். அந்தச் சின்ன ஷூ பையன் அப்புறம் என்ன பண்றான்னு எனக்குத் தெரியணும். இனிமே என்னன்னு வீட்டுல கேட்டா அம்மா அழுறாங்க." அவன் பாட்டிலை இறுக்கி மூடினான். "ஆனா எல்லாரும் என் மூஞ்சியவே பாப்பாங்க."

நண்டு யோசித்தாள். "கடைசி பெஞ்சுல உக்காரலாம். கதவுக்குப் பக்கத்துல. முடியலன்னா என் கையைத் தட்டு. ரெண்டு பேரும் போயிடலாம்."

"பாதிப் படத்துல எழுந்து வருவியா?"

"வருவேன்."

அன்று மாலை டீச்சர் அவன் அம்மாவுக்கு போன் செய்தார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் இஷ்டம்," என்றார்.

மறுநாள் படத்தில், புயலில் வெளியே போன அப்பா திரும்பவில்லை. ரேடியோகூட ஊமையானான். ஒட்டகத்தின் கை அசைந்தது. நண்டு பாதி எழுந்துவிட்டாள். அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். மூக்கைத் துடைக்கத்தான் கையை எடுத்திருந்தான்.

படத்துப் பையன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சோற்றைக் கருக விட்டான். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். எல்லோரிடமும் கத்தினான். ஒருநாள் எதற்கோ சிரித்துவிட்டு, சிரித்துவிட்டோமே என்று பயந்துபோனான்.

அங்கேதான் ஒட்டகம் விம்மி அழுதான். ரேடியோ திரும்பிப் பார்த்தான். உடனே முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டான். நண்டு அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். எழுந்து போகவில்லை.

பள்ளி விட்டு இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.

"நானும் சிரிச்சேன்," என்றான் ஒட்டகம். "அப்பா போன நாலாம் நாள். டிவியில ஏதோ வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல."

"உங்க அப்பா இருந்திருந்தா சிரிச்சிருப்பாரா?"

"அவரா? எனக்கு முன்னாடியே சிரிச்சிருப்பாரு. லிஃப்ட் குழிக்குள்ள நின்னு பாடுவாரு தெரியுமா? எதிரொலி கேக்கணும்னு. கேவலமா இருக்கும்."

"என்ன பாட்டு?"

அவன் சொல்லத் தொடங்கினான். ஒரு பாட்டு, அப்புறம் இன்னொன்று. நண்டின் வீடு வந்தது. அவள் நிற்காமல் அவனோடு நடந்துகொண்டே இருந்தாள்.