முழுப் பெயரைத் தட்டு!

செல்போன் அலறியது!

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் தன் சோற்றுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்த புனிதா, இடது கையால் எடுத்தாள்.

"புனிதா... குகன் பேசறேன்." அவளுடைய முதலாளி. குரல் கரகரத்தது. "உடனே கிள்ளானுக்கு வாம்மா. மீன் கிடங்குல... உங்க அண்ணன்..."

"அண்ணனுக்கு என்ன பாஸ்?"

"ஃப்ரீசர் ரூம்ல மாட்டிக்கிட்டான்... உயிர் இல்லம்மா!"

ரசம் இலையைத் தாண்டி மேசையில் ஓடியது.

பரமேஸ்வரன். அந்தக் கிடங்கின் சூப்பர்வைசர். விரல் நகங்களில் ரத்தம் உறைந்திருந்தது. கதவின் உட்புறமெங்கும் கீறல்கள்!

தானாகப் பூட்டிக்கொள்ளும் அந்தப் புதுக் கதவைச் செய்து கொடுத்ததே பூச்சோங்கில் இருக்கும் குகனின் கம்பெனிதான். உள்ளே போகிறவர் வெளியே இருக்கும் பேனலில் தன் பெயரைத் தட்ட வேண்டும். திரும்பி வர, உள்ளேயிருக்கும் கைப்பிடியை அழுத்த வேண்டும்.

பரமேஸ்வரன் அழுத்தினான். திறக்கவில்லை. வெளியே குரல் கேட்கவும் ஆள் இல்லை. கதவு மாட்டிய முதல் நாளே!

"குடிச்சிட்டு உள்ள போயிருப்பான்," என்றான் குகன் போலீசிடம். "என் கதவுல ஒரு குறையும் இல்ல."

குடியா? பத்துமலைக்கு வருஷம் தவறாமல் காவடி எடுத்தவன் அவன்!

புனிதா அழவில்லை. கருமாதி முடிந்த கையோடு ஆபிஸுக்குப் போனாள். அந்தக் கதவுக்காகக் குகனே C மொழியில் எழுதிய நிரலைத் திறந்தாள். வரி வரியாகப் படித்தாள்.

ஓர் இடத்தில் அவள் கண் நின்றது.

strcpy!

*

இன்ஸ்பெக்டர் ருமானா தே தாரிக் டீ கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, புனிதா."

"C-ல பேருங்கறது ஒரு ஸ்ட்ரிங், இன்ஸ்பெக்டர் புவான். எழுத்தெழுத்தா மெமரில வரிசையா உக்காரும். எத்தனை எழுத்துக்கு இடம்னு நாமதான் முன்கூட்டியே ஒதுக்கணும். குகன் இருபத்து நாலுதான் ஒதுக்கியிருக்காரு. எங்கண்ணன் பேரை ஐ.சி. அடையாள அட்டைல இருக்கற மாதிரி எழுதிப் பாருங்க."

PARAMESWARAN A/L KAMALANATHAN... கமலநாதன் மகன் பரமேஸ்வரன்.

ருமானா எண்ணினாள். "அடேயப்பா, மிஞ்சுதே!"

"strcpy-க்கு அந்தக் கவலையே கிடையாது. இடம் இருக்கா இல்லையான்னு பாக்காது. முடிவுக்குறி வர்ற வரைக்கும் காப்பி பண்ணிக்கிட்டே போகும். மிஞ்சின எழுத்தெல்லாம் பக்கத்து இடத்துல போய் விழுந்துச்சு. பக்கத்துல இருந்தது என்ன தெரியுமா? உள் கைப்பிடி வேலை செய்யலாமா கூடாதான்னு சொல்ற இடம்!"

ருமானாவின் முகம் மாறியது. "பேரு நீளமா இருந்ததுக்கா ஒரு மனுஷன் செத்தாரு?"

"ஆமா! இது குகனுக்கு முன்னாடியே தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கதவை அவரே டெஸ்ட் பண்ணாரு. அன்னிக்கு வெளிறிப்போய் வந்து உக்காந்தாரு. ஏன்னு கேட்டேன், பேச்சை மாத்திட்டாரு."

"இது கோர்ட்ல நிக்காதுலா. தெரியாம நடந்த தப்புன்னு நழுவிடுவாரு. அவரு வாயாலயே வரணும்."

"வர வைக்கிறேன். அதே ரூம்ல... அதே குளிர்ல!"

"கொலை கிலை பண்ணிடாதீங்க."

"சத்தியம் பண்ணித் தர முடியாது, புவான்."

*

கிள்ளான் மீன் கிடங்கு. பட்டப்பகல். கதவு வேலை செய்வதைக் காட்டச் சொல்லிப் புனிதாவோடு வந்து நின்றாள் ருமானா.

"டெமோதானே? நானே உள்ள போய்க் காட்டறேன்!"

சிரித்தபடி பேனலில் KUGAN என்று மட்டும் தட்டினான் குகன். உள்ளே போனான்.

தட்! கதவு சாத்திக்கொண்டது.

புனிதா பேனலில் எதையோ தட்டினாள். பிறகு இன்டர்காமை அழுத்தினாள்.

"பாஸ், இன்ஸ்பெக்டர் புவான் உங்க முழுப் பேரு வேணும்னாங்க. இப்பதான் போட்டேன். KUGANESWARAN A/L CHINNAIAH PILLAI. சரிதானே?"

இன்டர்காமில் ஓர் அலறல்!



"அடிப்பாவி! அழி! உடனே அழி!"

"ஏன் பாஸ்? உங்க கதவுலதான் குறையே இல்லையே!"

"நீளப் பேரு போட்டா கைப்பிடி செத்துடும்டி! டெஸ்ட் பண்ணப்ப நானே உள்ள மாட்டிக்கிட்டேன்! நல்லவேளை, வெளிய ஆள் இருந்தான்!"

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்! கஸ்டமர் அவசரப்படுத்தினான்... அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்! ஐயோ, கால் மரத்துப்போச்சு புனிதா!"

பேனலுக்குப் பக்கத்தில் குளிரைக் கூட்டும் திருகு. புனிதாவின் விரல்கள் அதைப் பற்றின.

ஒரே திருப்பு... அண்ணன் துடித்த துடிப்பு இவனுக்கும் தெரியும்!

ருமானா தடுக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவிலிருந்த சிறு கண்ணாடிக்கு அப்பால் குகன் இரு கைகளையும் கூப்பினான். "கும்புடறேன்... திற!"

புனிதாவின் விரல்கள் திருகிலிருந்து மெல்ல விலகின.

"நான் எதுக்குத் திறக்கணும்? கைப்பிடியை அழுத்துங்க."

"அது வேலை செய்யாதுடி!"

"அழுத்துங்க!"

க்ளிக்!

கதவு திறந்தது! குகன் தடுமாறி வெளியே விழுந்தான். திரும்பிக் கைப்பிடியைப் பார்த்தான். வாய் பிளந்தபடி இருந்தது.

"பழைய பேனலைக் கழட்டி போலீஸ்கிட்ட குடுத்தாச்சு, பாஸ். இந்தப் புதுப் பேனல்ல இருக்கறது நான் எழுதின கோடிங். இடத்துக்கு மிஞ்சின எழுத்தை வெட்டிட்டு, கடைசில முடிவுக்குறி வச்சுடும். கைப்பிடி சாகவே இல்ல... நீங்கதான் ஒரு தடவைகூட அதைத் தொடல. தப்பு தெரிஞ்சவன் மட்டுந்தான் தொடமாட்டான்!"

ருமானா ரெக்கார்டரை நிறுத்திவிட்டு விலங்கை எடுத்தாள்.

குகனின் பற்கள் தந்தியடித்தன. "இன்ஸ்பெக்டர்... ரொம்பக் குளிருது... ஒரு ஜாக்கெட்..."

"கவலைப்படாதீங்க பாஸ்," ருமானா விலங்கை மாட்டினாள். "லாக்கப்ல ஏர்கோன் கிடையாதுலா!"