மூட்டுப் பூச்சு

“எங்க வால்கூட்டையும் நகரத்தோட கலந்துடுங்க, சார்.”

எதைக் கேட்டாலும் இதைக் கேட்காதே என்று அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அல்லி நேரே அதில்தான் தொடங்கினாள். மிதந்துகொண்டிருந்த தேநீர் உருண்டையை உறிஞ்சப்போன நகர ஒழுங்காளர் வரதராசன் வாயை மூடிக்கொண்டார்.

சனிக்கோளின் வளையத்தில் சுற்றும் அந்த நகரம் பூமியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது. பெட்டிகளைச் சேர்த்தது இணைப்பி என்ற எந்திரம், சொல்லுக்குக் கட்டுப்படும். ‘கட்டு’ என்றால் திருகாணியால் பிணைத்து மட்டும் வைக்கும். ‘கோ’ என்றால் மணிமாலைபோல் வரிசையாக்கும். ‘முடை’ என்றால் விளிம்புகளைப் பின்னும். ‘கல’ என்றால் இரு சுவர்களின் அணுக்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, மூட்டு இருந்த சுவடே இருக்காது.

அல்லியின் மக்கள் வாழும் கடைசிப் பெட்டியான வால்கூட்டை வெறுமனே ‘கட்டி’த்தான் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் மூட்டைத் தாண்டி வெப்பம் வருவதில்லை என்று எல்லாரும் நம்பினார்கள். மூட்டுகளுக்கு ஆண்டுதோறும் சிவப்புக் காப்புப் பூச்சு அடிப்பது அல்லியின் குடும்பத்து வேலை. குளிரில் அம்மாவின் விரல்கள் மடங்காமலே போய்விட்டன. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அல்லியுடையது, அதுவும் இணைப்பியலில்.

“படிச்ச பொண்ணு பேசுற பேச்சாம்மா இது? எல்லாரும் ஒண்ணாத்தானே இருக்கோம்?”

“ஒண்ணா இருந்தா எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் சார் கை விறைக்குது?”

பேசுகருவியைத் தன் பக்கம் இழுத்தாள். “இணைப்பி, வால்கூட்டை நகரத்தோட கல.”

“அந்தக் கட்டளை நிறைவேறி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. கலப்பதற்கு இங்கே இரண்டு பொருள் இல்லை.”

“அப்ப மூட்டு?”

“மூட்டு கிடையாது. பூச்சு உண்டு.”

வாசலோரம் ஓடிய சிவப்புக் கோட்டை அல்லி நகத்தால் சுரண்டினாள். அடியில் ஒரு கீறல்கூட இல்லை. சன்னலுக்கு வெளியே சனியின் பொன்னொளி, வால்கூட்டிலிருந்து கண்ணுக்கெட்டாத மறுமுனை வரை ஒரே உலோகத்தில் தடங்கலில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. அத்தனை பெட்டிகளும் ஒரே உடம்பு. இதன் மேலா இத்தனை தலைமுறையாகக் கோடு இழுத்தோம்?

“பின்ன வெப்பம் ஏன் வரல?”

“கோட்டின் மேல் வெப்பக் குழாய்களின் அடைப்பான்கள் உள்ளன. கையால் மூடப்பட்டிருக்கின்றன.”

வரதராசன் குரலை உயர்த்தவே இல்லை. “இது எங்களுக்குத் தெரியாததாம்மா? கோடு இல்லேன்னா யாரு எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்? போ, இந்த வருஷப் பூச்சை ஆரம்பிக்கச் சொல்லு.”

அல்லி இடுப்பிலிருந்த பிரஷ்ஷை எடுத்து அவர் மேசைமேல் அழுத்தி ஒட்டினாள். சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனரைக் கழற்றிக்கொண்டாள்.

“ஏய், எங்க போற?”

காந்தச் செருப்பு கோட்டின் மேலேயே டக் டக்கென்று ஒட்டி ஒட்டிப் பிரிய, நடந்தாள். அந்த அடைப்பான்களைக் கட்டின் திருகாணி என்று நம்பி வருடாவருடம் சுற்றிச் சுற்றிப் பூச்சு அடித்த கை அவளுடையது. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறதென்று அதற்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை.