எண்ணிக்கையில் சேராத படிவம்

அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் போகிற பேருந்து சுசீந்திரத்தில் வந்து நின்றபோது மார்கழிக் கடைசி மழை தூறிக்கொண்டிருந்தது. சபிதா ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் காகிதக் கட்டுமாக ஏறினாள். இரண்டு கையும் நிறைந்திருந்தால் கம்பியை எதைக் கொண்டு பிடிப்பது? வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது… கட்டு அவிழ்ந்து நூற்றைம்பது காகிதமும் ஈரத் தரையில் சிதறிவிட்டன.

"ஐயோ… மிதிச்சிராதீங்க!"

உடனே குனிந்தவன் ஒருவன்தான். பொறுக்கிப் பொறுக்கி, தன் சட்டையிலேயே துடைத்து அடுக்கினான். அவன் நிமிர்ந்தபோது சபிதா அந்தக் கண்களைப் பார்த்தாள். இமையில் ஒரு மழைத்துளி நிற்க, அதைத் துடைக்காமலே சிரிக்கிற கண்கள். பார்த்திருக்க வேண்டாமோ என்று அடுத்த நொடியே தோன்றியது. அவன் காகிதங்களைப் படிக்க ஆரம்பித்திருந்தான்.

"இது என்னவாக்கும்?"

"சர்வே. எம்.எட். ப்ராஜெக்ட். காலேஜ் பிள்ளைக ஏஐ-கிட்ட கேட்டுப் படிக்கதப் பத்தி என்ன நெனைக்காங்கன்னு… தாங்க இங்க."

"நில்லுங்க டீச்சரே. ஜனவரி ரெண்டாம் தேதி எழுதுனதுன்னு ஒரு நாப்பது கெடக்கே. அன்னைக்கு எந்தக் காலேஜ் தொறந்திருந்து?"

"ஏன் தொறக்காது?"

"சுசீந்திரம் தேரோட்டமுல்லா! மாவட்டத்துக்கே லீவு. நீங்க மஞ்சச் சுடிதாரு போட்டுட்டு அம்மன் தேருக்கு வடம் பிடிச்சத… நான் பாத்தேனே."

சபிதாவுக்குக் காதுவரை சூடேறியது. பொய் பிடிபட்டதற்கா, மஞ்சள் சுடிதாரை ஒருவன் இத்தனை நாள் நினைவில் வைத்திருந்ததற்கா… அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். நூற்றைம்பது மாணவர்களிடம் எழுதி வாங்கி வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும் என்று ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டும் ஜெயபாய் மேடம் சொல்லியிருந்தார். கல்லூரி கல்லூரியாக அலைந்து நூற்றுப்பத்து சேர்த்தாள். அதற்கு மேல் ஒருவரும் பிடிகொடுக்கவில்லை. பெயர் எழுத வேண்டாம் என்றாலும், "எங்க சார்ட்ட காட்டிக்குடுத்திருவிய" என்று ஓடினார்கள். கடைசியில் அவள் ஏஐ-யிடமே, நாற்பது மாணவர்கள் சொல்வதுபோலப் பதில் தா என்று கேட்டாள். அது தேதி உட்படத் தந்தது. நாலு நிறப் பேனாவில் மாற்றி மாற்றி நகலெடுத்தாள். தேரோடும் வீதியில் பிறந்தவள்தான். தேரோட்டத் தேதியை எழுதும்போது கை ஒரு நொடி நிற்கவில்லை. அப்படி, மனசு ஒட்டாமல் எழுதியிருக்கிறாள் பிள்ளை.

"இப்ப ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். எனக்கப் பேரு கிருஷ்ணமணி. எம்.எஸ்சி. மேத்ஸ். எங்க காலேஜ்ல நாப்பது பேரப் பிடிச்சுத் தாறேன். நெசமான ஆளுக."

"ஒங்க சோலியப் பாருங்க!"

காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு தன் நிறுத்தம் வரும் முன்னே கோட்டாறிலேயே இறங்கி மழையில் நடந்தாள். யாரிடம் வேண்டுமானாலும் பிடிபட்டிருக்கலாம்… அவனிடமா? சிரித்த அந்தக் கண்கள் இனி தன்னைப் பொய்க்காரியாகத்தானே பார்க்கும்?

கால்கள் நேராக ஜெயபாய் மேடத்தின் அறைக்குப் போயின.

"மேடம், இதுல நாப்பது… பிள்ளைக எழுதல. நான் எழுதுனது."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதக் குடுத்து மாட்டியிருந்தா ஒனக்க ரெண்டு வருசப் படிப்பும் போயிருக்கும், தெரியுமாட்டி?"

"தெரியும் மேடம்."

"கிழிச்சுப் போடு. திங்கக்கெழம வரை நேரம் தாறேன். எத்தனை கெடைக்கோ அத்தனை போதும். ஆனா நெசமா இருக்கணும்."

மறுநாள் அதே பேருந்து. சபிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிருஷ்ணமணி முன்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்த வார்த்தையைப் பெருமை பிடித்து இழுத்தது.

"அந்த நாப்பது பேரு… கெடைப்பாங்களா?"

"சோலியப் பாக்கச் சொன்னியளே?"

"அது நேத்து."

"இன்னைக்கு என்னவாம்?"

"இன்னைக்கு… மழை இல்ல."

அவன் சிரித்துவிட்டான். வெற்றுப் படிவங்களை வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை கொண்டுவந்து நீட்டினான். சபிதா ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து படித்தாள். அவள் கிழித்துப்போட்ட நாற்பதும் ஒரே குரலில் 'நன்மையும் உண்டு, தீமையும் உண்டு' என்றிருந்தன. இவை அப்படியில்லை.

'சார்ட்ட சந்தேகம் கேட்டா கிளாஸே சிரிக்கும். இது சிரிக்காது.'

'அசைன்மென்ட் எழுதித் தரும். வைவாவுக்குக் கூட வராது.'

'தப்பையும் தைரியமாச் சொல்லுகு. அதான் பயம்.'

'ராத்திரி இதுகிட்ட கேட்டுப் படிச்சா அம்மைக்கு, நான் ஏதோ பெண்ணுகூட பேசுகேன்னு சந்தேகம்.'

சபிதா வாய்விட்டுச் சிரித்தாள். "எனக்கிட்ட ஒருத்தரும் இப்படி எழுதல்லியே. எப்படி எழுத வச்சிய?"

"நான் எழுதுனத மொதல்ல எல்லாருக்கும் காட்டினேன். அதப் பாத்ததும் அவனுகளுக்கு வெக்கம் போச்சு. கடைசில இரிக்கும், பாருங்க." சொல்லிவிட்டு அவன் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தான்.

கடைசிப் படிவம். கடைசிக் கேள்வி: படிப்புக்கு வெளியே ஏஐ-யிடம் கேட்டது என்ன?

'ஒரு பெண்ணிடம் முதல்முதலாக எப்படிப் பேசுவது என்று கேட்டேன். பூ கொடு, கவிதை சொல் என்று பத்து வழி சொன்னது. பத்தையும் மனப்பாடம் செய்தேன். பேருந்தில் அவள் காகிதம் சிதறியபோது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. லீவு நாளைச் சொல்லித் திட்டு வாங்கினேன்.'

சபிதா இரண்டு தடவை படித்தாள். எழுத்துகள் குதித்தன, சாலை மோசம் என்று நினைத்துக்கொண்டாள்.

"இத… நாப்பது பேருமா படிச்சானுக?"

"முப்பத்தொம்பது பேரு. நாப்பதாவது ஆளு நானுல்லா."

அவள் அந்தப் படிவத்தை மட்டும் கட்டிலிருந்து உருவினாள்.

"இதச் சேக்க முடியாது."

கிருஷ்ணமணியின் முகம் வாடிப்போயிற்று. "ஏன்? நெசத்தத்தான எழுதியிருக்கேன்…"

"நெசம்தான். ஆனா சர்வே எடுக்கவங்களுக்கு வேண்டப்பட்ட ஆளுக எழுதுனதச் சேக்கப்பிடாது. அது மொறையில்ல."

கணக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது விளங்க இரண்டு நிறுத்தம் ஆயிற்று.

"அப்ப… நான்…"

"நூத்தி நாப்பத்தொம்பதுன்னு மேடத்துக்கிட்ட சொல்லிக்கிடுகேன்." குனிந்த தலை நிமிராமலே சொன்னாள். "ஒங்க காலேஜ் ஸ்டாப்பு வந்தாச்சு. எறங்குங்க."

கண்டக்டர் விசில் ஊதினார். அவன் இறங்கவில்லை.