பட்டென்று அணைந்த பெட்டி

அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட அதே வாரத்தில் கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. இரண்டும் பேசிவைத்துக்கொண்டு செய்தது போல இருந்தது.

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவளைத் துருவி என்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "மழை ஏன் சாய்வா பெய்யுது?" என்று ஆரம்பித்தால் தட்டில் இருக்கும் சாப்பாடு ஆறும்வரை விடமாட்டாள். சின்னவள் சுண்டுவுக்கு வயது ஐந்து. அவள் கேள்வியே கேட்பதில்லை. எதையாவது செய்துவிட்டு, அப்புறம் திருதிருவென்று முழிப்பாள்.

அம்மாவின் வேலை கொஞ்சம் வித்தியாசமானது. கண் பார்வை இல்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படிப்பார். அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து அனுப்புவார். அவர்கள் அதைக் கேட்டுக் கேட்டே பரீட்சைக்குத் தயாராவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் அடித்தது. கல்லூரியில் வரலாறு படிக்கும் ஓர் அக்கா பேசினார். வீட்டில் எல்லோருக்கும் அவர் 'வரலாறு அக்கா'.

"ஆன்ட்டி, கடைசிப் பாடம் மட்டும் இன்னும் வரலை. நாளைக்குக் காலையில பரீட்சை. பெரிய கேள்வி அதுலதான் வரும்னு எல்லாரும் சொல்றாங்க. பயமா இருக்கு ஆன்ட்டி."

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. உடனே கையை ஆட்டினார், தொண்டையைத் தொட்டார், கம்ப்யூட்டரைக் காட்டினார், கட்டை விரலைத் தூக்கினார். போனில் பேசுகிறவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? துருவி போனை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, அம்மாவுக்குத் தொண்டை கட்டிடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே கடைசிப் பாடத்தைப் படிச்சு முடிச்சிட்டாங்க. கம்ப்யூட்டர்லதான் இருக்கு. இப்பவே அனுப்பிடுறோம்."

"அப்பாடா! இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு" என்று அவர் போனை வைத்தார்.

அம்மா கம்ப்யூட்டர் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். நீல விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி 'விர்' என்றது. அவ்வளவுதான். பட்டென்று எல்லாம் அணைந்துவிட்டது.

மறுபடி அழுத்தினார். இந்த முறை 'விர்' கூட இல்லை. பிளக்கைப் பிடுங்கி, சற்று நேரம் விட்டு, திரும்பச் செருகினால்தான் அந்த ஒரு 'விர்' வந்தது. உடனே பட்!

அம்மா ரிப்பேர் மாமாவுக்குப் போன் போட்டு, போனைத் துருவியிடம் நீட்டினார்.

விஷயத்தைக் கேட்டதும், "பவர் சப்ளை போயிருக்கும்மா" என்றார் மாமா. "கரண்டை வாங்கி உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி அது. புதுசுதான் போடணும். நான் வெளியூர்ல இருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் வரேன்."

"நாளைக்குக் காலையிலயே பரீட்சை மாமா! அது இருக்கட்டும், பவர் சப்ளை போயிடுச்சுன்னா விசிறி எப்படிச் சுத்துச்சு?"

மாமாவுக்குத் துருவியைப் பற்றி நன்றாகத் தெரியும். "தாயே, ஆளை விடு! பஸ்ஸுல ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டுப் போறேன். ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். அந்தப் பவர் சப்ளையைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கினாலும் அதுக்குள்ள கரண்ட் மிச்சம் இருக்கும். தூக்கி அடிச்சிடும்!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் படிச்சு போன்ல பதிவு பண்ணி அனுப்பட்டுமாம்மா?" என்று கேட்டாள் துருவி.

அம்மா புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். அது தலையணை கனம் இருந்தது. துருவி முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது சொல்லிலேயே நாக்கு மாட்டிக்கொண்டது. அம்மாவே மூன்று நாள் உட்கார்ந்து படித்த பாடம் அது. பாவம் வரலாறு அக்கா, இந்நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

துருவி புத்தகத்தை மூடிவிட்டுப் பெட்டியின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கெட்டுப்போனதென்றால் விளக்கே எரியக் கூடாது. இது எரிந்துவிட்டு அணைகிறது. ஏன்?

போன மாதம் ஒரு நாள், இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் வீடு முழுக்க இருட்டானது. மெயின் சுவிட்ச் தானாக விழுந்துவிட்டது. அப்பா ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தார். கடைசியில்தான் இஸ்திரிப் பெட்டியின் ஒயர் பிய்ந்திருந்தது தெரிந்தது. சுவிட்ச் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆபத்து என்று தெரிந்து அது தன் வேலையைச் செய்திருந்தது.

"அம்மா! பவர் சப்ளையும் அதே மாதிரி செய்யுதோ? அது கெட்டுப்போகலை. எதையோ பார்த்துப் பயந்து கதவைச் சாத்திக்குது!"

அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 'ஆரம்பி' என்பது போலத் தலையாட்டினார்.

மேஜைக்கு அடியிலிருந்து சுண்டுவின் குரல் வந்தது. "கம்ப்யூட்டருக்கு வயித்து வலியா?"

"இருந்தாலும் இருக்கும். எதைத் தின்னு தொலைச்சுதோ!"

சுண்டு சத்தமில்லாமல் நழுவிப் போனாள்.

துருவி முதலில் பிரிண்டரின் ஒயரைக் கழற்றினாள். அம்மா பிளக்கைச் செருகினார். பொத்தானை அழுத்தினார்கள். விர்... பட்! பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு ஸ்பீக்கரைக் கழற்றினார்கள். விர்... பட்! அப்புறம் மைக், மவுஸ், கீபோர்டு. கடைசியாகத் திரையின் ஒயர். ஒவ்வொரு முறையும் அதே விர், அதே பட்.

பின்பக்கம் இப்போது வழித்துத் துடைத்தது போல இருந்தது. கழற்றுவதற்கு இனி ஒரு ஒயர் கூட மிச்சமில்லை. துருவிக்கு அழுகை வந்துவிட்டது. இப்பவே அனுப்பிடுறோம் என்று வாக்குக் கொடுத்தது அவள்தானே! அம்மா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் பெட்டியை முறைத்தாள். 'தெரிஞ்சதையெல்லாம் பிடுங்கியாச்சு. அப்போ தெரியாம ஏதோ ஒண்ணு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.'

டார்ச்சை எடுத்து வந்து பின்பக்கம் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். முன்பக்கம் வந்தாள். பென் டிரைவ் செருக அங்கே இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று இருட்டாக இருந்தது. இன்னொன்று மினுமினுத்தது!

"அம்மா, சின்ன இடுக்கி!"

அம்மா பிளக் வெளியே இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, புருவ முடி பிடுங்கும் இடுக்கியைக் கொடுத்தார். துருவி நாக்கைக் கடித்துக்கொண்டு மெல்ல இழுத்தாள். வெளியே வந்தது ஒரு துண்டு அட்டை. அதைச் சுற்றி சாக்லேட்டின் வெள்ளித் தாள் ஒட்டியிருந்தது.

"இதான் திருடன்! இந்தத் தாள் வழியா கரண்ட் போகும்மா. சேரக் கூடாத ரெண்டு கம்பியை இது சேர்த்து வச்சிருக்கு. அதான் பவர் சப்ளை பயந்துபோச்சு."

பிளக்கைச் செருகினார்கள். துருவி பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். விர்... விர்... விர்... சத்தம் நிற்கவே இல்லை. கண்ணைத் திறந்தாள். நீல விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது.

அம்மா சந்தோஷத்தில் கத்தினார். பூனைக்குட்டி கொட்டாவி விட்டது போல ஒரு சத்தம் வந்தது. அவசர அவசரமாக ஒயர்களை மாட்டினார்கள். பாடம் கிளம்பிப் போயிற்று.

அதன் பிறகுதான் அம்மா அந்த அட்டைத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் திரையைப் பார்த்தார். திரைக்குக் கீழே இரண்டு குட்டிப் பாதங்கள் தெரிந்தன. அம்மாவின் புருவம் ஏறியது.

"இரும்மா, நான் கேக்கிறேன்" என்று துருவி போய்த் திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "சுண்டு, யாரு செஞ்சான்னு நான் கேக்க மாட்டேன். இது என்னன்னு மட்டும் சொல்றியா?"

திரை கொஞ்ச நேரம் யோசித்தது. "பென் டிரைவ்" என்றது.

"ஓ! அதே மாதிரிதான் இருக்கு. இதுல என்ன ஏத்தின?"

"யானைக் கதை." திரையின் ஓரத்தில் ஒரு கண் தெரிந்தது. "அம்மாவுக்குக் குரலே இல்லைல்ல? அந்த அக்காங்க எல்லாம் பாவம்ல? அதான் நானே கதை சொல்லி, ஏத்தி, உள்ள தள்ளிட்டேன். அப்புறம் வெளியவே வரலை."

"எப்படி ஏத்தின?"

"வாய்கிட்ட வச்சு மெதுவா சொன்னேன்."

அம்மாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று துருவிக்குப் புரியவில்லை. இரண்டும்தான். அம்மா திரையோடு சேர்த்துச் சுண்டுவை அள்ளிக்கொண்டார்.

"அட்டையில கதை ஏறாதுடி செல்லம்" என்றாள் துருவி. "இனிமே கம்ப்யூட்டருக்குள்ள எதையும் திணிக்கக் கூடாது, சரியா? கதை சொல்றதுக்குத்தான் மைக் இருக்கே. வா!"

சுண்டுவை நாற்காலியில் ஏற்றி, மைக்கை அவள் வாய் உயரத்துக்கு இறக்கினாள். சுண்டு எச்சிலை விழுங்கிக்கொண்டு கதையைத் தொடங்கினாள். முடிந்ததும், 'இதையும் அனுப்பு' என்று அம்மா கையைக் காட்டினார்.

சாயங்காலம் போன் அடித்தது. துருவி எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாடம் வந்துடுச்சு துருவி! ஒரு தடவை கேட்டும் முடிச்சிட்டேன். இப்போ தைரியமா இருக்கு. ஆன்ட்டிகிட்ட சொல்லிடு" என்றார் வரலாறு அக்கா. பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒரே ஒரு சந்தேகம். பாடத்துக்கு அப்புறம், யானை செருப்பு வாங்கக் கடைக்குப் போச்சே... அது பரீட்சைக்கு வருமா?"

துருவி வாயைத் திறப்பதற்குள் சுண்டு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கண்டிப்பா வரும்!" என்றாள்.