தொடாத கம்பி

இரண்டு பக்கமும் எர்த் மாட்டிய பிறகும் அந்தக் கம்பி முனகிக்கொண்டிருந்தது.

சகின்பாய் காதுமூடியைத் தூக்கிவிட்டுக் கேட்டான். பகல் பதினொரு மணிதான். கணவாயில் இறங்கிய பனிமூட்டம் மின்கோபுரத்தைப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. இடப்பக்கம் நாற்பது மீட்டர் தள்ளிப் போகும் லைன் ஈரக் காற்றில் சுடுகல்லில் விழுந்த தண்ணீரைப் போல இடைவிடாமல் சீறியது. அது ஓடுகிற லைன், சீறத்தான் செய்யும். ஆனால் தலைக்கு நேர் மேலே இருப்பது பழுதுபார்க்க நிறுத்திய லைன். அதிலிருந்து, மூடிய வாய்க்குள் யாரோ அழுவதுபோல ஒரு சத்தம் கசிந்தது.

ஓடும் லைனும் நிறுத்திய லைனும் பக்கம் பக்கமாகப் போனால், நடுவில் வெறும் காற்று இருந்தாலும், ஓடுவது தன் மின்சாரத்தை மற்றதன்மேல் ஏற்றிவிடும். பாடப்புத்தகத்தில் அதற்குக் கொண்மப் பிணைப்பு என்று பெயர். லைன் ஆட்கள் "பக்கத்து வீட்டுக்காரன் வந்திருக்கான்" என்பார்கள். எர்த் மாட்டினால், அதாவது தடித்த செம்புவடத்தால் கம்பியை மண்ணோடு கட்டினால், அவன் இறங்கிப் போய்விடுவான். கட்டாமல் தொட்டால் தொட்டவன் உடம்பு வழியாக இறங்குவான்.

மிர்லானின் உடம்பு வழியாக அவன் அப்படித்தான் இறங்கினான். மூன்று வாரமாகிறது. சகின்பாயின் மனைவி ஜிபாருக்கு ஒரே தம்பி, இருபத்தாறு வயது.

"நிறுத்தின லைன்ல ஏது கரண்டு? பய முந்தின ராத்திரி குடிச்சிருந்தான், இதயம் நின்னு போச்சு" என்று மேற்பார்வையாளர் துய்ஷென் அறிக்கை எழுதினான். எழுதிய கையாலேயே சாவு வீட்டு விருந்தில் வைத்த குதிரைக் கறியைத் தின்றான். கொழுப்பு வழியும் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பியதைச் சகின்பாய் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு எதைத் தின்றாலும் வாயில் அந்தக் கொழுப்பின் வாடை.

"இன்னிக்கும் அவன்கூட ஒரே வண்டியிலதான் போறியா?" காலையில் ஜிபார் தேநீர்க் கோப்பையை அவன் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுக் கேட்டாள். அவன் தேநீரைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டான்.

"என்னடா வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிற? ஏறு!" துய்ஷென் வண்டியிலிருந்து இறங்கி வந்தான்.

"லைன் சத்தம் போடுது, அண்ணே."

"காத்துடா."

"காத்தே இல்லியே."

துய்ஷென், மின்சாரம் இருந்தால் கீச்சிடும் சோதனைக் கோலைக் கம்பியை நோக்கி உயர்த்திக் காட்டினான். அது கீச்சிடவில்லை. "பாத்தியா? செத்த லைன். பொட்டைப் பயலே, மச்சினன் செத்ததும் தைரியமும் போச்சா?"

சகின்பாயின் கை சுத்தியலின் பிடியைத் தேடிப் போனது. வேண்டாம் என்று தானே தடுத்தான். "எர்த் இல்லாம அவனை ஏத்துனது நீ."

"நானா? அவன் வாக்கி-டாக்கியில 'எர்த் மாட்டியாச்சா அத்தான்'னு கேட்டது யார்கிட்ட? 'ஆச்சு, ஏறு'ன்னு சொன்னது யாரு?"

"நீ மாட்டியாச்சுன்னு சொன்னே. அதான் சொன்னேன்."

"போய்ப் பாத்தியா?"

எர்த் மாட்டும் இடம் இருநூறு மீட்டர் தள்ளி. பனியில் நடக்கச் சோம்பல். போய்ப் பார்க்கவில்லை. இதை அவன் ஜிபாரிடம்கூடச் சொன்னதில்லை.

துய்ஷென் காறித் துப்பினான். "விலகு. நானே ஏறுறேன்." இடுப்புப் பட்டையை இறுக்கி ஏறத் தொடங்கினான். அவனுடைய காலணிகள் இரும்பில் டங், டங் என்று ஒலித்தன. பத்துப் படி ஏறியதும் பனிமூட்டம் அவனை உள்ளே இழுத்துக்கொண்டது.

சகின்பாய் எர்த் வடத்தின் அருகில் நின்றான். வடத்தைப் பிடித்திருக்கும் இந்த இறுக்கியைக் கழற்ற அரை நிமிடம் போதும். யாரும் பார்க்கமாட்டார்கள். அறிக்கையும் ஏற்கெனவே எழுதப்பட்டதுதான், பெயரை மாற்றினால் சரி. விரல்கள் அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டன. தாடை வலிக்கும் வரை பல்லைக் கடித்தான். பிறகு இறுக்கியை இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிட்டுக் கையை எடுத்தான்.

டங், டங்.

டங், டங்.

ஒரு ஜோடிக் காலுக்கு இவ்வளவு சத்தம் வராது.

சட்டைப் பையில் வாக்கி-டாக்கி கரகரத்தது. "ஏண்டா, ஏறமாட்டேன்னுட்டு இப்ப எதுக்குப் பின்னாடியே வர்றே?"

சகின்பாய் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனான். "நான் கீழேதான் இருக்கேன், அண்ணே."

சீறல் மட்டும். பிறகு மூச்சு.

"அப்ப இவன் யாரு?"

கம்பியின் முனகல் உயர்ந்தது. எரிந்த மயிரின் நாற்றம் கீழே இறங்கியது. கூடவே குதிரைக் கொழுப்பின் வாடை. எர்த் வடம் தரையில் கிடந்தபடியே நடுங்கியது. சோதனைக் கோல் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"இறங்கு அண்ணே! எதையும் தொடாம இறங்கு!"

"அன்னிக்கு எர்த் மாட்டல." துய்ஷெனின் குரல் குழந்தைக் குரலாகியிருந்தது. "நான் மாட்டலப்பா. வடம் வேற இடத்துல இருந்துச்சு... கேக்குறான்டா... திரும்பத் திரும்பக் கேக்குறான்... மாட்டல..."

மூன்று வாரமாகச் சகின்பாய் கேட்க ஏங்கிய வார்த்தை. "இப்ப சொல்றியா? சாவு வீட்டுல சொல்ல வாய் வரலியா? அவன் அக்கா முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரலியா, நாயே!" பனிமூட்டத்தை நோக்கிக் கத்தினான். தொண்டை கிழியும் வரை கத்தினான்.

முனகல் நின்றது. சீறலும் நின்றது. ஓடுகிற லைன்கூட மௌனமாயிற்று.

பனிமூட்டம் மேலே விலகியது.

துய்ஷென் குறுக்கு இரும்பின்மேல் நின்றான். எந்தக் கம்பியையும் தொடவில்லை. கையுறை கழன்றிருந்தது. வலது கையை முன்னால் நீட்டியிருந்தான். விரல்கள் கரிந்து சுருண்டிருந்தன. கண் திறந்திருந்தது. இமைத்தது. உயிர் இருந்தது.

அந்தக் கைக்கு எதிரே இன்னொரு கை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் காற்று. அதில் நீல இழை ஒன்று, நூல்போல மெல்லியது, ஓசையின்றி ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தக் கைக்குரியவன் தலை குனிந்து கீழே பார்த்தான். மிர்லானின் முகம், கோபமே இல்லாத முகம்.

சகின்பாயின் முன்கையில் மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

மேலே, மிர்லானின் இன்னொரு கை மெல்ல, படிப்படியாக, சகின்பாயை நோக்கிக் கீழே நீளத் தொடங்கியது.