பல் வைத்த வட்டம்

ஆர்டிஸ் டாலஃப்சனின் அடுப்படிச் சுவரில் தொங்கிய நிலவரைபடத்தில் செவ்வாய்க்கிழமை காலை ஒரு வட்டம் கூடுதலாக இருந்தது. அது 1953-இல் அரசாங்க நில அளவைக்காரர்கள் போட்ட படம். அவர்களுக்கு அளவுகோல் பிடித்தவர் காலமான தன் கணவர் என்பதை, அவள் வீட்டில் காப்பி குடித்த எவருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. வீட்டுக்குக் கிழக்கே சோயா வயலில், உட்பக்கம் பல் பல்லாகக் கோடு இழுத்த பழுப்பு வட்டம். நிலவரைபடத்தில் வட்டத்துக்குப் பல் வைத்தால் அங்கே பள்ளம் என்று பொருள்.

போய்ப் பார்த்தாள். வயல் மேசைபோல் தட்டையாகத்தான் கிடந்தது. புதன்கிழமை அந்த வட்டம் படத்தில் வீட்டுப் பக்கமாகக் கொட்டகையைத் தாண்டியிருந்தது. மேசையில் வைத்த முட்டை தானாகக் கிழக்கே உருண்டது. தரைப் பலகை இடுக்குகளில் ஈரமண்ணும் வெகுநாள் மூடிக்கிடந்த நிலவறையும் கலந்த ஒரு வாடை ஏறிவந்து அவள் தலையணைவரை படிந்தது.

அடுத்த வீடு எங்களுடையது. வேலியோரம் என் வீட்டுக்காரர் ஆரின் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "வித்துட்டு மக வீட்டுக்குப் போயிடேன், ஆர்டிஸ். அந்தப் படக் காகிதத்தோட எத்தனை நாளைக்குக் குடித்தனம் பண்ணுவே?"

"நீ எங்கேயாவது போ, ஆரின். உன் பொண்டாட்டியாவது நிம்மதியா இருப்பா."

அதில் எனக்கு மறுப்பில்லை.

வியாழக்கிழமை வட்டம் அவள் வீட்டு வாசற்படியைத் தொட்டது. பயந்துதான் போனாளாம், அவளே சொன்னாள். ஆனாலும் கணவரின் சவரக்கத்தியை எடுத்து, வட்டத்தின் பல் ஒவ்வொன்றையும் சுரண்டினாள். பல் இல்லாத வட்டம் மேடு. மேடாகிவிட்டுப் போகட்டும் என்று நினைப்பு. உடனே எனக்கு ஃபோன் போட்டாள். "பல்லை எல்லாம் பிடுங்கிட்டேன். இனி கடிக்கட்டும், பார்க்கலாம்."

சாய்ந்திருந்த தரை நிமிர்ந்தது. சிரித்தாள். தரை நிற்கவில்லை. மறுபக்கம் சாய்ந்தது.

மதியம் மூன்று மணி, நல்ல வெயில். வயல் எழும்பிக்கொண்டிருந்தது. சோயா வரிசைகள் விலகின. நடுவே கறுப்பு மண். அதற்கும் கீழே, மண் அல்லாத ஏதோ. ஈரமாக. தூரத்துத் தேவாலயக் கோபுரம் எழுந்த மேட்டின் பின்னால் மறைந்தது.

அவள் ஓடவில்லை. நாற்காலியை வாசலுக்கு இழுத்துவந்து போட்டாள். உட்கார்ந்தாள்.

"இது என் வீடு."

மேடு எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது. தூங்குபவரின் நெஞ்சுபோல.

அவள் குரல் மறுபடி கேட்டதும், மேடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.