கம்பியில் வைத்த கை

சமையலறையில் தேத்தண்ணீருக்குச் சீனி கரைத்துக்கொண்டு நின்ற றோயின் காதில், முன்னறையில் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த அம்பிளிஃபையரின் சத்தம் திடீரென்று பாதியாகத் தணிவது கேட்டது. பிற்பகல் மூன்று மணி. அரியாலையில், கடலேரியின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த வாடகை வீட்டின் எல்லா யன்னல்களிலும் வெயில் வெள்ளையாக அடித்தது. வெளியே தென்மேற்குச் சோளகக் காற்றில் பனையோலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

அவனுடைய கிற்றாரின் குணம் அவனுக்குத் தெரியும். எட்டு வருடமாக அவனோடு இருக்கிற சாமான். அம்பிளிஃபையரில் வயரைக் கொழுவியதும் குளவிக்கூடு மாதிரி இரையும். கம்பியில் ஒரு விரலை வைத்தால் அந்த இரைச்சல் பாதியாகும், எடுத்தால் பழையபடி எழும்பும். ஆனால் கிற்றார் இப்போது முன்னறையில் தன் தாங்கியில் தனியாக நின்றது. அவனுடைய மனைவி வினோஜா உள்ளறையில் நித்திரை. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை.

கையில் கரண்டியோடு அவன் முன்னறை வாசலுக்கு வந்தபோது இரைச்சல் மறுபடி எழும்பியது. தடித்த கம்பி மட்டும், உற்றுப் பார்த்தால்தான் தெரியுமளவுக்கு, இரண்டாய்த் தெரிந்து அதிர்ந்து கொண்டிருந்தது. அறையில் வற்றிய கடலேரிச் சேற்றின் மணம் நின்றது. யன்னல் சாத்தியிருந்தது.

இசைக்குழுவின் ஒலி வேலைகளைப் பார்க்கிற சுதாகரனுக்கு அவன் போன் எடுத்தான். சுதாகரன் முதலில் சிரித்தான். பிறகு, எர்த் வயர் எங்கேயோ விட்டிருக்கும், கம்பியின் அதிர்வை எடுக்கிற அந்தப் பழைய பிக்கப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாய்ப் போடு என்றான். கம்பியில் கை வைக்காமலே இரைச்சல் குறையுமா என்று றோய் கேட்டான்.

“இல்லையடா தம்பி. ஆரும் தொட்டால்தான் குறையும். ஆளின்ரை உடம்புதான் அதுக்கு எர்த்.”

எப்படியும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை குருநகர்த் தேவாலயத் திருவிழாப் பாடல்களின் ஒலிப்பதிவு. இந்த இரைச்சலோடு வந்தால் வேறு ஆளைப் பிடிப்போம் என்று பதிவு செய்கிறவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அவனை வெளியே தள்ளக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கத்தோலிக்கனாய்ப் பிறந்து உடுவில் சைவக் குடும்பத்துப் பெட்டையைப் பதிவுத் திருமணம் செய்தவன் என்று குருநகரில் அவனுடைய தாயே வாசல் படலையைத் திறக்கவில்லை. வினோஜாவின் வீட்டில் அவளுடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள். அவள் வயிற்றில் ஏழு மாதம். இந்த வீட்டை விட்டால் அவர்கள் இரண்டு பேருக்கும் போக ஓரிடம் இல்லை.

புதன்கிழமை பின்விறாந்தையில் சாக்கை விரித்து றோய் வேலையைத் தொடங்கினான். ஈயம் உருகும் புகை வினோஜாவுக்குக் குமட்டும் என்பதால் கதவைச் சாத்திவைத்தான். கம்பிகளைக் கழற்றி, முகப்புத் தகட்டைத் தூக்கி, உள்ளே கறுத்துப்போயிருந்த பழைய வயர்களை ஒவ்வொன்றாய் வெட்டினான். மரத்தில் குடைந்திருந்த குழி முழுவதும் செப்புத் தகட்டுநாடாவை ஒட்டி நகத்தால் தேய்த்து மட்டமாக்கினான். இரைச்சலைத் தானே கொன்றுவிடுகிற இரட்டைச் சுருள் பிக்கப்புகள் இரண்டும் கொழும்பிலிருந்து வந்திருந்தன. அவற்றை இறுக்கி, புதிய குமிழ்களைப் பூட்டி, எர்த் வயரை இரண்டுமுறை பற்றவைத்து, இழுத்துப் பார்த்தான். புதுக்கம்பிகள் பூட்டி முடிய வெயில் சாய்ந்துவிட்டது.

அம்பிளிஃபையரில் கொழுவினான். ஒரு சத்தமும் இல்லை. மின்னாளி போட மறந்துவிட்டேனோ என்று குனிந்து பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. மெல்ல ஒரு கம்பியை மீட்டினான். பளிங்கில் தண்ணீர் விழுந்த மாதிரி அந்த ஒலி எழும்பி, அறையைச் சுற்றி, கடைசி நுனிவரை தெளிவாகக் கேட்டு அடங்கியது.

வினோஜா கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். இப்போதுதான் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை முழுவதும் அவர்கள் கிளினிக்கில் இருந்தார்கள். அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. பயப்படவோ அதிரவோ விடக்கூடாது, படுத்தே இருக்கவேண்டும் என்று வைத்தியர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வந்து ஓட்டோவிலிருந்து அவளை இறக்கும்போது பக்கத்து வீட்டு இராசமலர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் குடிவந்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து யன்னலைத் திறக்காத மனுசி. வினோஜா உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, முகத்தில் வெறுப்பை மறைக்காமல் கேட்டாள்.

“உங்கடை வீட்டிலை ஆரை விட்டிட்டுப் போனனீங்கள்? நீங்கள் வெளிக்கிட்டதிலையிருந்து ஒரு கம்பியையே தட்டித் தட்டி. வாசிக்கத் தெரியாததுகளுக்கு உது என்னத்துக்கு?”

ஒருவரையும் விடவில்லை என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. இனிமேல் கேட்டால் பொலிசுக்குப் போவேன் என்றுவிட்டுப் போனாள். றோய் முன்னறைக்குள் வந்தான். அம்பிளிஃபையரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போகும்போது அணைத்தது அவனுக்கு நல்ல நினைவு.

வினோஜா கண்ணயர்ந்த பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு, கிற்றாருக்கு எதிர்ச் சுவரோடு நிலத்தில் குந்தி இருந்தான். காத்திருந்தான். காகம் ஒன்று கூரையில் நடந்தது. அதுவும் போனது. மின்விசிறியின் காற்று, சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சேற்று மணம் எங்கிருந்தோ மெதுவாக ஊறி வந்து, அறையின் நடுவில் ஆள் உயரத்துக்குத் தடித்து நின்றது. அப்போது ஒலிபெருக்கியில் கேட்டது. தோல் உரசுகிற சத்தம். சுற்றுக்கம்பியின் மேல் விரல் வழுக்கும்போது வருகிற, வாசிக்கிறவன் எவனுக்கும் தெரிந்த அந்தச் சிறு கிரீச்சல். அது தடித்த கம்பியின் தலைப்பில் தொடங்கி, கீழே இறங்கி, நின்றது. அழுத்தியது. ‘டொக்’ என்று கம்பி மரத்தில் பட்டது. கிற்றாரின் கழுத்தில் ஒரு கட்டம் நகர்ந்தது. மறுபடி அழுத்தியது.

எதையோ தேடுவது போல இருந்தது. பொறுமையாக, ஒரு கட்டத்தையும் விடாமல்.

றோய் பாய்ந்து ஆளியை அணைத்தான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முன்பு, இரைச்சல் இருந்த காலத்தில், அந்தக் கை எப்போது வந்தது, எப்போது போனது என்றாவது காதுக்குத் தெரிந்தது. அந்த இரைச்சலைத் தன் கையாலேயே அவன் கொன்றுவிட்டான். இனி அது கம்பியில் கை வைத்தபடி சும்மா இருந்தால் அவனுக்குத் தெரியப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். ஏன் வாசிக்கவில்லை என்று வினோஜா கேட்டதற்கு, புதுக்கம்பி இழுபட்டுப் பழக வேண்டும் என்றான். சாப்பிடும்போது பெட்டியின் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டான்.

சனிக்கிழமை பிற்பகல் பாட்டுகளை வாசித்துப் பழகாமல் இருக்க முடியவில்லை. ஒலிப்பதிவுக்கு முன் இன்னும் ஒரு நாள்தான். மனைவியை உள்ளே அனுப்பினான்.

“நீர் போய்ப் படும். நான் மெல்லமா வாசிக்கிறன்.”

“மெல்லமா வேண்டாம். பிள்ளையும் கேக்கட்டும்” என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள்.

முதல் பாட்டு நன்றாக வந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் மூன்றாம் கம்பி செத்தது. மீட்டினான், சத்தம் எழும்பாமல் ‘தப்’ என்று நின்றது. உள்ளங்கையால் யாரோ கம்பியை மூடியது போல. கையை நகர்த்தினான். அங்கேயும் ‘தப்’. மேலே போனான். அதுவும் கூடவே வந்தது. சேற்று மணம் இப்போது அவனுடைய தோளுக்குப் பின்னால், கன்னத்துக்குப் பக்கத்தில். திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

எழும்ப நினைத்தான். முடியவில்லை. அவனுடைய இடக்கைச் சுட்டுவிரலின் மேல் இன்னொரு விரல் இருந்தது.

குளிர். ஈரம். நகம் இருந்தது.

அது அழுத்தியது. அவனுடைய விரலைக் கம்பியில் வைத்து, கம்பியை மரத்தில் வைத்து அழுத்தியது. புதுக்கம்பி. தோல் வெட்டுப்பட்டது. சதை வெட்டுப்பட்டது. இழுத்தான். விடவில்லை. கத்தினால் அவள் எழும்பி ஓடி வருவாள். பல்லைக் கடித்தான். அவனுடைய விரல் எலும்பில் கம்பி உரசுகிற சத்தத்தை, அந்தப் புதிய பிக்கப்புகள் ஒரு தூசும் இல்லாமல் எடுத்துக் கொடுத்தன. ஒலிபெருக்கியில் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பிறகு அது விட்டது.

கிற்றார் மடியிலிருந்து சரிந்தது. விரலை வாய்க்குள் வைத்தபடி, மற்றக் கையால் வேலைப்பெட்டியைத் துழாவிக் கம்பி வெட்டுகிற குறடொன்றை எடுத்தான். அவனுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்திருந்தது. கம்பி இருந்தால்தானே கை வைப்பாய். ஆறையும் வெட்டினான். ஒவ்வொன்றும் சீறிக்கொண்டு சுருண்டது. ஒன்று கன்னத்தைக் கிழித்தது. திங்கட்கிழமைப் பதிவு போனது. போகட்டும். வெறும் மரம் நிலத்தில் கிடந்தது.

அம்பிளிஃபையர் அமைதியாக இருந்தது.

அவன் மூச்சு வாங்கினான். சேற்று மணம் குறைந்தது போல இருந்தது.

ஒலிபெருக்கியில் மெல்ல ஒரு சத்தம். ‘டொக்.’ பிக்கப்பின் மூடியிலிருந்து ஒரு விரல் எழும்பியது. இன்னொன்று. இன்னொன்று. நாலாவது. ஊன்றிய கையை எடுத்துக்கொண்டு ஒருவர் எழும்பிப் போகிற மாதிரி.

பிறகு ஒன்றும் இல்லை. அப்படிச் சுத்தமான அமைதியை அந்த வீட்டில் அவன் கேட்டதில்லை.

உள்ளறைத் திரைச்சீலை அசைந்து நின்றது.

“றோய்.” வினோஜாவின் குரல், பாதி நித்திரையில். “கையை எடுங்கோ. குளிருது.”

அவன் ஓடினான்.

அவள் பக்கவாட்டில் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. உதட்டில் மெல்லிய சிரிப்புக்கூட இருந்தது. யன்னல் வெயில் அவளுடைய வயிற்றின் மேல் விழுந்து, நீலப் பருத்திச் சட்டையின் ஒவ்வொரு நூலையும் காட்டியது.

சட்டையில் நாலு குழிகள். வரிசையாக. விரல் நுனி அளவு.

அவன் பார்த்துக்கொண்டிருக்க, அவை ஒரு கட்டம் கீழே நகர்ந்தன. அழுத்தின. பொறுத்தன. இன்னும் ஒரு கட்டம்.

உள்ளேயிருந்து ஒரு சின்னப் புடைப்பு எழும்பியது. குதிக்கால் அளவு. அது குழிகளை விட்டு விலகியது. பக்கவாட்டில், மேலே, வயிற்றின் மறுகரைவரை ஒதுங்கிப் போய், இனிப் போக இடமில்லாமல் அங்கேயே நின்று துடித்தது.

நாலு குழிகளும் ஆழமாயின.

அந்தப் புடைப்புக்கு மறுபக்கத்தில், மெல்ல, கட்டைவிரலின் அகலத்துக்கு, ஐந்தாவது குழி விழுந்தது.